இசைத்தட்டில் 'முதல் அச்சு' என்றால் என்ன? அதற்கு ஏன் இவ்வளவு விலை?

ஒரு இசைத்தொகுப்பு முதன்முதலில் வெளியானபோது அச்சான வினைல் (ஒருவகைப் பிளாஸ்டிக்) தட்டுகளைத்தான் சேகரிப்பாளர்கள் 'முதல் அச்சு' என்கிறார்கள். பின்னால் தேவைக்கேற்ப வந்தவை மறு அச்சு. பாட்டு ஒன்றுதான், விலைதான் வேறு.

காரணம் எண்ணிக்கை. பெயர் தெரியாத கலைஞரின் தட்டைக் கொஞ்சமாகத்தான் அச்சிடுவார்கள். பிரபலமான பிறகு வந்து குவியும். பருவம் தொடங்கும்போது சந்தைக்கு வரும் மாம்பழத்துக்கும், பின்னர் தெருவில் கூறு கட்டி விற்பதற்கும் உள்ள வித்தியாசம் மாதிரி.

பீட்டில்ஸ் என்ற பிரிட்டிஷ் இசைக்குழு 1968-ல் வெள்ளை உறையில் ஒரு தொகுப்பை வெளியிட்டது. உறைகளில் வரிசை எண் பொறித்திருந்தார்கள். குழுவின் டிரம்மர் ரிங்கோ ஸ்டாரிடம் இருந்த 0000001 எண் பிரதி 2015 ஏலத்தில் 7,90,000 டாலருக்குப் போனது! அதே தொகுப்பின் பெரிய எண் பிரதிகள் சாதாரண ரசிகர் வாங்கும் விலையிலேயே கிடைக்கின்றன.

முதல் அச்சா என்று அறிய உறையில் அச்சிட்ட ஆண்டை மட்டும் நம்ப வேண்டாம்; மறு அச்சிலும் பழைய ஆண்டே இருக்கக்கூடும். தட்டின் நடுச்சீட்டுக்கு வெளியே, பாட்டு முடியும் வெற்று வளையத்தில் கீறிய எண்ணைப் பாருங்கள். தட்டில் விழுந்த கீறலும் கிழிந்த உறையும் விலையை வெகுவாக இறக்கிவிடும்.

பரணில் கிடக்கும், நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய வகைத் தட்டு பழசு என்பதாலேயே பெருந்தொகை கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அவை பெரும்பாலும் வினைலே அல்ல, அரக்குக் கலவை, தேடி வாங்க ஆள் இல்லாவிட்டால் சொற்ப விலைதான்.