தனியாக ஆடும் அயர்ன்ஸ்வோர்ன்: முதல் பாத்திரம் உருவாக்குவோரின் கேள்விகளுக்குப் பதில்கள்

ஷான் டாம்கின் உருவாக்கி 2018-இல் வெளியான அயர்ன்ஸ்வோர்ன், ஒரு பாத்திரமாக மாறிப் பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் மேசை விளையாட்டு. ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் இல்லாமல் இதை ஒருவரே ஆடலாம். அடிப்படை விதிநூலின் பிடிஎஃப் இலவசம். பாத்திரத்தின் விவரங்களை எழுதும் ஷீட்டை நிரப்ப அரை மணி நேரம் போதும். ஆனால் அந்த அரை மணி நேரத்தில் செய்யும் தேர்வுகள்தான் கதை ஓடுமா, மூன்றாம் நாளே நின்றுவிடுமா என்பதைத் தீர்மானிக்கின்றன.

ஐந்து குணங்களுக்கு 3, 2, 2, 1, 1 என்று பிரிக்கச் சொல்கிறார்கள். போர்வீரனுக்கு எதில் 3 வைப்பது?

எதில் 1 வைப்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஆறுமுகப் பகடையில் விழும் எண்ணோடு குணத்தின் எண்ணைக் கூட்டி, இரண்டு பத்துமுகப் பகடைகளோடு தனித்தனியாக ஒப்பிடுகிறோம். இரண்டையும் தாண்டினால் ஸ்ட்ராங் ஹிட், ஒன்றை மட்டும் தாண்டினால் வீக் ஹிட், எதையும் தாண்டாவிட்டால் மிஸ். சமமாக வந்தால் தாண்டியதாகக் கணக்கில்லை. இதன்படி 3 உள்ள குணத்தில் மிஸ் ஆக ஏறத்தாழ 23 சதவீத வாய்ப்பு. 2 என்றால் 33. 1 என்றால் 45.

பலரும் போர்வீரன் என்றதும் அயர்ன் (உடல்வலிமை) 3, எட்ஜ் (வேகம்) 2, ஷேடோ (தந்திரம்) 2 என்று போட்டுவிட்டு ஹார்ட்டையும் (மனவலிமை) விட்ஸையும் (அறிவுக்கூர்மை) 1-இல் விட்டுவிடுகிறார்கள். பயணம், தகவல் சேகரிப்பு, உணவு தேடுவது எல்லாம் விட்ஸ். சபதம் எடுப்பது, ஊரில் தங்கித் தேறுவது, பந்தம் ஏற்படுத்துவது எல்லாம் ஹார்ட். குழுவாக ஆடினால் இன்னொருவர் ஈடுகட்டுவார். தனியாக ஆடும்போது அந்த வழி இல்லை. வழியில் அடிபட்டு ஊருக்கு வந்தால், தேறுவதற்கும் அதே பலவீனமான குணத்தை உருட்ட வேண்டும். இந்த இரண்டில் ஒன்று 1 ஆக இருக்கலாம், இரண்டும் கூடாது. போர்வீரனுக்கு அயர்ன் 3, ஹார்ட் 2, விட்ஸ் 2 என்பது நம்பகமான அமைப்பு. ஷேடோ 1 என்பதால் அவனுக்குப் பொய் சொல்ல வராது, பதுங்கவும் வராது. கதைக்கு அது நல்லதே.

பாத்திரத்தின் முன்கதையைப் பத்துப் பக்கம் எழுதிவிட்டேன். ஆட உட்கார்ந்தால் என்ன செய்வதென்றே தெரியவில்லை. ஏன்?

எல்லாக் கேள்விக்கும் நீங்களே பதில் எழுதிவிட்டீர்கள், கேள்விக்குப் பகடையால் ஆம், இல்லை என்று பதில் சொல்லும் ஆரக்கிளிடம் கேட்க ஒன்றும் மிச்சமில்லை. மூன்று வரி போதும், மூன்றாவது வரியில் ஒரு முடிச்சு இருக்கட்டும். ஓர் உதாரணம்:

"கத்யா, ஹேவன்ஸ் பகுதியில் பிறந்தவள், வில்லாளி. அண்ணன் ஒரு குளிர்காலத்தில் வடக்கே போனான், திரும்பவில்லை. அவனுடைய இரும்பு வளையம் நேற்று ஒரு வியாபாரியின் மூட்டையில் கிடைத்தது."

வளையம் அங்கே எப்படி வந்தது என்பதை எழுதாதீர்கள். ஆடும்போது கேளுங்கள்: வியாபாரி பொய் சொல்கிறானா? அதற்கு வாய்ப்பு அதிகம் என்று தோன்றினால் நூறுக்கு உருட்டுங்கள், 26 அல்லது அதற்கு மேல் வந்தால் ஆம். சரிபாதி வாய்ப்பு என்றால் 51, குறைவு என்றால் 76. ஏற்கெனவே எழுதிய பத்துப் பக்கத்தைத் தூக்கிப்போட வேண்டாம். அதில் பாத்திரத்துக்கு நேரில் தெரிந்ததை மட்டும் வைத்துக்கொண்டு, கேள்விப்பட்டதையெல்லாம் வதந்தி என்று குறித்துவிடுங்கள். எது உண்மை என்பதைப் பகடை சொல்லட்டும்.

பின்னணிச் சபதத்தை எபிக் நிலையில் எடுத்தேன். எத்தனை முறை ஆடியும் முன்னேற்றமே தெரியவில்லை.

தெரியாதுதான். ஐந்து கடின நிலைகளில் எபிக்தான் உச்சம். முன்னேற்றப் பட்டையில் 10 கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் 4 கோடுகள். எபிக் சபதத்தில் ஒரு மைல்கல்லுக்கு ஒரே ஒரு கோடு என்பதால் பட்டை நிரம்ப 40 மைல்கற்கள் வேண்டும். எக்ஸ்ட்ரீம் என்றால் 20, ஃபார்மிடபிள் 10, டேஞ்சரஸ் 5, ட்ரபிள்சம் 4.

பின்னணிச் சபதம் எக்ஸ்ட்ரீம் அல்லது எபிக் நிலையில் இருக்க வேண்டும் என்பது விதி; அது பாத்திரத்தின் வாழ்நாள் வேலை. ஆட்டம் தொடங்குவது வேறொரு சிறு சபதத்தில். அதை டேஞ்சரஸ் அல்லது ஃபார்மிடபிளாக வையுங்கள், பெரிய சபதத்தை எங்கேயாவது தொடும்படியும் அமையுங்கள். கத்யாவுக்கு "அண்ணனுக்கு என்ன ஆனது என்று கண்டறிவேன்" என்பது எக்ஸ்ட்ரீம். "வியாபாரி சொன்ன சுரங்க ஊரை அடைந்து வளையத்தை விற்றவனைப் பிடிப்பேன்" என்பது டேஞ்சரஸ்.

சபதத்தை முடிக்கப் பத்துக் கட்டமும் நிரம்பக் காத்திருக்க வேண்டாம். முழுதாக நிரம்பிய கட்டங்களின் எண்ணிக்கையைத்தான் இரண்டு பத்துமுகப் பகடைகளோடு ஒப்பிடுகிறோம். எட்டு நிரம்பியிருந்தால் ஸ்ட்ராங் ஹிட்டுக்கு 49 சதவீதம், மிஸ் ஆக 9 சதவீதம். இந்த உருட்டலில், ஆட்டத்தில் சேரும் உந்துதல் புள்ளிகளான மொமெண்டத்தைச் செலவழித்துத் தப்ப முடியாது என்பதையும் மறக்காதீர்கள்.

மந்திரவாதி வேண்டும். ரிச்சுவலிஸ்ட் (சடங்கு மந்திரம் செய்பவர்) என்ற திறன் அட்டையோடு தொடங்கலாமா?

முடியாது. மூத்த மந்திரவாதி ஒருவருக்காக ஃபார்மிடபிள் அல்லது அதற்கு மேலான சபதத்தை நிறைவேற்றிய பிறகே அது கிடைக்கும். அதை ஆட்டத்தின் இலக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ரிச்சுவல் (மந்திரச் சடங்கு) வகை அட்டைகளைத் தொடக்கத்திலேயே எடுக்கலாம். எந்தக் குணத்தை உருட்டச் சொல்கிறது என்று அட்டையைப் படித்துவிட்டு எடுங்கள். ஷேடோ-வாக்கும் ஸ்க்ரையிங்கும் ஷேடோவைக் கேட்பவை; ஷேடோ 1 வைத்துக்கொண்டு அவற்றை எடுப்பது வீண். கிடைப்பது மொத்தம் மூன்று அட்டைகள். இரண்டு உங்கள் 3, 2 குணங்களோடு பொருந்தட்டும், மூன்றாவது ஒரு துணையாக இருக்கட்டும். தனி ஆட்டத்தில் ஹவுண்ட் (வேட்டைநாய்) போன்ற துணை இருந்தால் பாத்திரம் வாய்விட்டுப் பேச ஓர் உயிர் கிடைக்கிறது. அதற்கென்று தனி ஆரோக்கியப் பட்டையும் உண்டு என்பதால் இழக்கவும் ஒன்று இருக்கிறது.

தொடக்கப் பந்தங்கள் மூன்றையும் காலியாக விடலாமா? என் பாத்திரம் யாருமற்றவன்.

விடலாம், ஆனால் நஷ்டம் உங்களுக்கே. பந்தமுள்ளவரிடம் சபதம் எடுத்தால் உருட்டலில் +1. பந்தமுள்ள ஊரில் தங்கித் தேறும்போதும் +1. யாருமற்றவனுக்கும் கடன்பட்ட ஓர் ஊரோ, அவனை வளர்த்த ஒரு கிழவியோ இருக்கலாம். குறைந்தது ஒன்றையாவது நிரப்புங்கள்.

முதல் சண்டையிலேயே பாத்திரம் செத்துவிட்டது. எங்கே தவறு?

பெரும்பாலும் எதிரியின் கடின நிலையில். ஃபார்மிடபிள் எதிரியின் ஒவ்வோர் அடியும் 3 ஆரோக்கியத்தைப் பறிக்கும். நீங்கள் தொடங்குவதோ 5-இல். இரண்டு அடியில் பூஜ்யம். டேஞ்சரஸ் எதிரி பறிப்பது 2. வாள், ஈட்டி, வில் போன்ற கொடிய ஆயுதத்தால் நீங்கள் தரும் அடியும் 2. அடியின் ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு கட்டம் என்று டேஞ்சரஸ் எதிரியின் முன்னேற்றப் பட்டையில் ஒரே அடியில் 4 கட்டங்கள் நிரம்பும். முதல் சண்டைக்கு டேஞ்சரஸ் நிலையே உச்சவரம்பு.

விதியையும் மறுபடி படியுங்கள். ஆரோக்கியம் பூஜ்யமானதும் சாவு இல்லை. காயத்தைத் தாங்கும் உருட்டலும் அப்போது மிஸ் ஆனால்தான் ஆபத்து. அப்போதும் காயமுற்றவர் அல்லது ஊனமுற்றவர் என்று குறித்துப் பிழைக்கலாம். காயம் ஆறும், ஊனம் நிரந்தரம்.

பத்துமுகப் பகடை எங்கள் ஊர்க் கடைகளில் கிடைக்கவில்லை.

சீட்டுக்கட்டு போதும். ஹார்ட்டினில் ஏஸ் முதல் 10 வரை ஓர் அடுக்கு, ஸ்பேடில் அதேபோல் இன்னோர் அடுக்கு. தனித்தனியாகக் குலுக்கி ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு எடுங்கள், ஏஸ் என்றால் 1. எடுத்ததை ஒவ்வொரு முறையும் திருப்பிப் போட்டுக் குலுக்க வேண்டும், இல்லாவிட்டால் வாய்ப்புக் கணக்கு மாறிவிடும். ஆரக்கிளுக்குச் சிவப்புச் சீட்டு பத்தின் இடம், கறுப்பு ஒன்றின் இடம், 10-ஐப் பூஜ்யமாகக் கொள்ளுங்கள். இரண்டும் 10 என்றால் 100. ஆறுமுகத்துக்கு லூடோ பெட்டியில் இருக்கும் பகடையே சரி.