பதில்: ஸ்கோப்பஸில் ஒரே பேராசிரியர் மூன்று பேராக இருக்கிறார்

வணக்கம். உங்கள் பேராசிரியரின் கட்டுரைகள் ஸ்கோப்பஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்தில் மூன்று பெயர்களில் சிதறிக் கிடக்கின்றன, நூலகத்தின் ஆய்வாளர் பக்கத்தில் பாதிதான் வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். சிங்கப்பூரில் நம் பெயர்களுக்கு இது நடக்காவிட்டால்தான் ஆச்சரியம். ஒரு சஞ்சிகை அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கும், இன்னொன்று தலைப்பெழுத்தோடு நிறுத்தும், வேறொன்று 'இன்னாரின் மகன்' என்பதைக் குறிக்கும் 'எஸ்/ஓ'வையும் பெயரில் சேர்த்துவிடும்.

நூலகப் பக்கத்தை முதலில் தொடாதீர்கள். அது வெளியிலிருந்து தரவை இழுப்பதாக இருந்தால், கையால் திருத்தியது மறுபடி பழையபடி ஆகிவிடலாம். மூலத்தில் கை வையுங்கள். பிரிந்து கிடக்கும் விவரங்களை ஒன்றாக்கச் சொல்லி ஸ்கோப்பஸிடமே கோரலாம், கட்டணம் இல்லை.

அப்புறம் ஆர்கிட் (ORCID). ஆய்வாளர்களுக்காக 2012 முதல் இருக்கும் இந்த 16 இலக்க அடையாள எண் பல்கலைக்கழகம் மாறினாலும் அவரோடே போகும். அதில் 'பிற பெயர்கள்' பகுதியில் மூன்று வடிவங்களையும் போடுங்கள். கட்டுரைகளுக்கான டிஓஐ எண்களைப் பதிவுசெய்யும் கிராஸ்ரெஃபுக்கு ஒருமுறை அனுமதி தந்துவிட்டால், ஆர்கிட் எண்ணோடு வெளியாகும் புதுக் கட்டுரைகள் தாமாகச் சேரும். பழையவற்றை ஆர்கிட்டின் 'Search & link' வசதி வழியே ஸ்கோப்பஸிலிருந்து மொத்தமாகக் கொண்டுவரலாம். விடுபட்டவற்றை டிஓஐ வைத்து ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டியதுதான், அலுப்பான வேலை. அதற்காக அவருடைய கடவுச்சொல்லை வாங்காதீர்கள். உங்களுக்கும் ஓர் ஆர்கிட் கணக்கு இருந்தால், தம் பதிவைத் திருத்தும் உரிமையை அவரே உங்களுக்குத் தரலாம்.

நாலு பேர் படிக்க வேண்டுமானால் முழுக் கட்டுரையும் திறந்திருக்க வேண்டும். அதைப் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் போடுங்கள்: என்டியூ (நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) என்றால் டிஆர்-என்டியூ, என்யூஎஸ் (சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம்) என்றால் ஸ்காலர்பேங்க். பதிப்பாளர் வடிவமைத்த பிடிஎஃபை அங்கே போடப் பெரும்பாலும் அனுமதி இருக்காது. ஏற்கப்பட்ட இறுதி வரைவை அவரிடம் இப்போதே கேட்டு வாங்கிவையுங்கள்.