ஐசியூவில் நோய்த்தணிப்புச் சிகிச்சை எதற்கு?

உயிர் காக்கும் சிகிச்சை நடக்கும்போதே வலி, மூச்சுத்திணறல், தாகம் ஆகியவற்றைத் தணிப்பதுதான் இது. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்கு மருந்தும் கொடுக்கிறோம், நெற்றியில் ஈரத்துணியும் போடுகிறோம் அல்லவா?

தொண்டையில் வென்டிலேட்டர் குழாய் இருப்பவரால் "வலிக்கிறது" என்று சொல்ல முடியாது. அதனால் செவிலியர் முகச்சுளிப்பு, உடல் அசைவு, தசை இறுக்கம், வென்டிலேட்டரோடு மல்லுக்கட்டுவது ஆகிய நான்குக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் போடுவார். மொத்தம் 8-க்கு 3 வந்தாலே வலி இருப்பதாகக் கொள்ளவேண்டும். தாகத்துக்குக் குளிர்ந்த நீரில் நனைத்த பஞ்சால் வாயைத் துடைப்பதே பெரிய ஆறுதல்.

பெரும்பாலும் பிசகுவது குடும்பத்தாரிடம் பேசுவதில்தான். முதல் சில நாளுக்குள் மருத்துவர் உட்கார்ந்து, நோயாளி எதை விரும்பியிருப்பார் என்று கேட்கவேண்டும். தள்ளிப்போட்டால் நள்ளிரவு நெருக்கடியில், வராந்தாவில் நின்றபடி முடிவெடுக்க நேரும்.

இதைத் தொடங்கினால் "கைவிட்டுவிட்டார்கள்" என்று அர்த்தமில்லை. டயாலிசிஸும் ஆன்டிபயாட்டிக்கும் தேவைப்படும்வரை கூடவே தொடரும்.