ஆங்கிலம் வாசிக்க, பேச 'அவுட்' விளையாட்டுகள் உதவுமா?

தரம் 6 இல் 38 பிள்ளைகள், 40 நிமிடப் பாடம், ஒருவரும் வாய் திறப்பதில்லை. ஒவ்வொருவராக வெளியேறும் விளையாட்டு சரிவருமா என்று கேட்டிருந்தீர்கள்.

சரிவரும், ஆனால் ஒரு சிக்கல். பிழை விட்டால் அவுட் என்றால் முதலில் உட்காருவது பயிற்சி அதிகம் தேவைப்படும் பிள்ளைதான். மிச்ச நேரம் அது ஜன்னலால் பஸ் பார்க்கும்.

அதனால் வாசிப்புக்கு நான் கொட்டாஞ்சேனையில் படிப்பித்தபோது செய்தது இது. எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். பாடநூல் பந்தியை ஒருவர்பின் ஒருவராக வாசிப்பார்கள். தன் முறையில் ஒன்று முதல் மூன்று சொற்கள் வரை வாசிக்கலாம். முற்றுப்புள்ளிக்கு முந்திய சொல் யாரிடம் விழுகிறதோ அவர் அவுட். கெட்டிக்காரரும் மாட்டுவார். தப்புவதற்காகவே கண் நாலு சொல் முன்னே ஓடும். சரளமான வாசிப்புக்கு வேண்டியதும் அதுதானே.

பேச்சுக்குப் புறக்கோட்டைச் சங்கிலி (புறக்கோட்டை என்றால் கொழும்பின் கடைத்தெருப் பகுதி, ஆங்கிலத்தில் பெட்டா). "ஐ வென்ட் டு பெட்டா அண்ட் போட் ஏ மேங்கோ" என்று ஒருவர் தொடங்க, அடுத்தவர் அதையும் சொல்லி "அன் அம்ப்ரெல்லா" சேர்ப்பார். வரிசை மறந்தால் அவுட். ஏழெட்டுப் பொருள் சேர்ந்ததும் ஒரே சிரிப்பு. 38 பேருக்கு ஒரே சங்கிலி இழுக்காது, எட்டு எட்டாகப் பிரியுங்கள்.

அவுட் ஆனவர் நடுவர். அடுத்த பிழையைப் பிடித்துத் திருத்திச் சொன்னால் திரும்ப உள்ளே வரலாம். அப்புறம், பக்கத்து வகுப்பு ரீச்சரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், சத்தம் கட்டாயம் வரும்.