தேய்ந்தது தோலா, தோலின் மேற்பூச்சா?

மன்னார்குடி வாசகர் ஒருவரின் கேள்வி: தரகர் மூலமாகப் பழைய கார் ஒன்றை வாங்கினேன். வாங்கிய அன்று தோல் இருக்கைகள் பளபளவென்று இருந்தன. இரண்டே மாதத்தில் ஓட்டுநர் இருக்கையின் கதவுப் பக்க விளிம்பு வெளுத்துச் சொரசொரப்பாகிவிட்டது. பக்கத்து இருக்கையில் நகத்தால் கீறியது போல மூன்று கோடுகள் தெரிகின்றன. குஷன் கடையில் காட்டினால், "தோல் செத்துவிட்டது, உரித்துவிட்டுப் புதிதாகத் தைக்க 22,000 ரூபாய், மேலே உறை மட்டும் போட்டால் 7,000 ரூபாய்" என்கிறார்கள். வேறு வழியே இல்லையா?

பதில்: வழி இருக்கிறது, அவசரப்பட்டு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால், தேய்ந்திருப்பது பெரும்பாலும் தோல் அல்ல, அதன் மேல் ஆலையில் ஏற்றிய நிறம்தான். கார் இருக்கைகளுக்கு வரும் தோலில் பெரும்பாலானவற்றில் முதலில் நிறப்பூச்சும், அதற்கு மேல் நிறமற்ற பாலியூரித்தேன் பூச்சும் இருக்கும். ஆட்கள் சாய்ந்து சாய்ந்து திண்ணைச் சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்தால் அதற்காக யாரும் சுவரை இடிப்பதில்லை. ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் உடல் முழுவதும் உரசிச் செல்லும் இடம் என்பதால் கதவுப் பக்க விளிம்புதான் முதலில் வெளுக்கும். நம் பகுதியில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு: அறுவடைக் காலத்தில் களத்திலிருந்தோ நெல் அரவை ஆலையிலிருந்தோ நேராக வந்து காரில் உட்காரும்போது, வேட்டியில் ஒட்டிய உமித்தூசியும் கூடவே வருகிறது. உமியில் சிலிக்கா இருப்பதால், அந்தத் தூசி உப்புத்தாளைப் போலவே பூச்சைத் தேய்த்துவிடும்.

முதலில் அது தோல்தானா என்று பார்த்துவிடுங்கள். விளம்பரத் தாளில் "லெதர் இருக்கை" என்று பெரிதாக அச்சடித்துவிட்டு, உடல் படும் நடுப்பகுதிக்கு மட்டும் தோலும், பக்கங்களுக்கு ரெக்சினும் போட்டு அனுப்பும் வழக்கம் வாகனத் தொழிலில் தாராளமாக நடக்கிறது. அதைப் பொடி எழுத்தில் ஒரு மூலையில் சொல்லிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். இருக்கைக்கு அடியில் கையை விட்டு, மடித்துச் செருகிய ஓரத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள். நார் நாராகப் பஞ்சு போலிருந்தால் தோல். நெய்த துணி தெரிந்தால் ரெக்சின். வெளுத்த விளிம்பும் நடுப்பகுதியும் தனித்தனித் துண்டுகள் என்பதால் இரண்டையும் பார்க்க வேண்டும். ரெக்சின் செதில் செதிலாக உரிந்தால் பூச்சு வேலை பயன் தராது. அந்தத் துண்டை மட்டும் மாற்றித் தைத்துக்கொள்ளலாம். தோல் என்றால் வெளுத்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சொட்டு அப்படியே நின்றால் மேற்பூச்சு இன்னும் இருக்கிறது. உறிஞ்சிக் கறுத்தால் பூச்சு போய்விட்டது.

வாங்கிய அன்று கண்ட பளபளப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய கார் தரகர்களில் பலர், விற்பதற்கு முதல் நாள் சிலிக்கோன் கலந்த டாஷ்போர்டு பாலிஷையோ, இன்னும் மோசமாக, ஷூ பாலிஷையோ இருக்கையில் தேய்த்துவிடுகிறார்கள். ஷூ பாலிஷ் என்பது மெழுகும் சாயமும் சேர்ந்தது. அது உட்காருபவரின் வெள்ளை வேட்டியில் ஏறும். பிறகு முறையான நிறம் பூசப் போனால் ஒட்டவும் விடாது. பாதி வேலை இந்த மெழுகைச் சுரண்டி எடுப்பதிலேயே போகிறது என்பதால் இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். தேங்காய் எண்ணெயும் வேண்டாம். அது பூச்சைத் தாண்டி இறங்காமல் மேலேயே பிசுபிசுத்து அழுக்கைப் பிடிக்கும், ஐப்பசி மழையில் பூஞ்சைக்கும் இடம் கொடுக்கும்.

சரியான வேலை இப்படி நடக்கும். மென்மையான சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் அழுக்கெடுத்து, உலர்ந்தபின் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை லேசாகத் தடவி எண்ணெயையும் மெழுகையும் நீக்க வேண்டும். தின்னர் கூடவே கூடாது. அது நல்ல பூச்சையும் கரைத்துவிடும். சொரசொரப்பை 800 அல்லது 1000 எண் உப்புத்தாளால் மெதுவாகச் சமப்படுத்தி, தோலுக்கென்றே விற்கும் நீர்க்கலவை நிறத்தை ஸ்பாஞ்சினால் மெல்லிய பூச்சாகப் பல முறை, ஒவ்வொன்றும் உலர்ந்த பிறகே அடுத்தது என்று ஏற்ற வேண்டும். ஈரத்தில் ஒரு நிறமும் காய்ந்தபின் வேறொரு நிறமும் காட்டும் என்பதால், முதலில் மறைவான மூலையில் பூசிப் பாருங்கள். கடைசியில் மங்கலான மேற்பூச்சு. அடைமழை நாட்களில் பூச்சு காய மிகவும் தாமதமாகும். தை, மாசியில் செய்வது உத்தமம். மூன்று கோடுகளின் மேல் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டாவிட்டால் நிறம் மட்டும் போதும், மாட்டினால் தோலுக்கான நெகிழ்வான நிரப்பியை மெல்லியதாக இட்டபின் நிறம் பூச வேண்டும். நிரப்பிக்குப் பதிலாக ஒட்டுப்பசையையோ, கார் தகட்டின் பள்ளங்களை அடைக்கும் பட்டியையோ (putty) இட்டால், அது இறுகி விளிம்பில் வெடிக்கும்.

உறை போடச் சொன்னார்கள் என்றீர்களே, அதில்தான் எனக்குப் பெரிய கவலை. இருக்கையின் வெளிப்பக்கத் தையலோரம் "ஏர்பேக்" என்று ஆங்கிலத்தில் பொறித்த சிறு துணிச் சீட்டோ பிளாஸ்டிக் வில்லையோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், மோதலின்போது அந்த இடத்தின் தையலைக் கிழித்துக்கொண்டு காற்றுப்பை வெளியே வர வேண்டும். அதற்காகவே அந்தத் தையல் குறிப்பிட்ட நூலில் குறிப்பிட்ட வலுவில் போடப்பட்டிருக்கும். அதன் மேல் இறுக்கமான உறையை மாட்டினாலோ, பிரித்துவிட்டுச் சாதாரண நைலான் நூலால் அழுத்தித் தைத்தாலோ, பை வர வேண்டிய நேரத்தில் வராமல் போகலாம் அல்லது தவறான பக்கம் விரியலாம். பக்கம் திறந்த உறை என்று கடைக்காரர் சொல்வார். அந்தத் திறப்பு உங்கள் கார் மாதிரியின் பை இருக்குமிடத்தோடு பொருந்துகிறதா என்பதை நீங்களே கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். இந்தச் சீட்டு உள்ள இருக்கையின் முதுகுப் பகுதியை உரிக்க எந்தக் குஷன் கடையையும் அனுமதிக்காதீர்கள். நிறம் பூசுபவரிடமும் அந்தத் தையல் கோட்டில் நிரப்பியோ கெட்டியான பூச்சோ படக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நிறுவனத்தின் சர்வீஸ் நிலையத்திற்குப் போகலாமா என்றால், அங்கே பொதுவாகப் பழுது பார்ப்பதில்லை, மாற்றுவதுதான். தேய்மானம் என்பதால் காப்பீடும் தராது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திண்டுக்கல்லும் தோலுக்குப் பெயர்பெற்ற ஊர்கள்; அடையாறில் 1948 முதல் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இயங்குகிறது. இத்தனை இருந்தும், ஒரு விளிம்பைத் திருத்த வேண்டிய சிறு குப்பி நிறத்துக்கு டெல்டாக்காரர் அலைய வேண்டியிருப்பது நியாயமே இல்லை. வாடிக்கையாளருக்குத் தேவை ஒரு குப்பி. சந்தை அவருக்கு விற்க நினைப்பது ஒரு முழு இருக்கை.

ஆகவே கடையில் "விளிம்புக்கு நிறம், கோடுகளுக்கு நிரப்பி, இரண்டுக்கும் மேற்பூச்சு" என்று வேலையைப் பிரித்துச் சொல்லி, அதற்கு மட்டும் விலை கேளுங்கள். பணத்தில் ஒரு பகுதியை நிறுத்தி வைத்து, வேலை முடிந்து சில நாட்கள் கழித்து ஈரமான வெள்ளைத் துணியால் அந்த இடத்தை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால் மேற்பூச்சு சரியாகப் போடப்படவில்லை. அதைச் சரிசெய்த பிறகு மீதியைக் கொடுங்கள்.