அமெரிக்க பைலட்கள் நல்ல சம்பளம் வாங்கியும் ஏன் ஒப்பந்தத்துக்காகப் பதாகை பிடித்து நிற்கிறார்கள்?

மணிக்கு 400 டாலருக்கு மேல் வாங்கும் கேப்டன்கள்கூடச் சீருடையோடு விமான நிலைய வாசலில் பதாகை பிடித்து நிற்கிறார்களே, இவர்களுக்கு என்ன குறை என்று கேட்டிருக்கிறீர்கள். தம்பி மகனை அந்த வேலைக்கு அனுப்பலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

நான் பைலட் இல்லை. அமெரிக்காவில் ஒரு விமான நிறுவனத்துக்காக, எந்த பைலட் எந்த விமானத்தில் எப்போது ஏற வேண்டும் என்று அட்டவணை போடும் மென்பொருளில் வேலை செய்கிறேன். என் மேசையிலிருந்து பார்க்கும்போது சம்பளத்தைவிட வேறொன்றுதான் பெரிதாகத் தெரிகிறது. இவர்களால் சுலபமாக வேலையை விட்டுப் போக முடியாது. நினைத்தபோது வேலைநிறுத்தமும் செய்ய முடியாது. கையில் இருப்பது ஒப்பந்தம் ஒன்றுதான். அதை நிர்வாகம் வருடக்கணக்கில் இழுக்கும்போது மனசு கசந்துபோகிறது.

முதலில் சீனியாரிட்டி. ஐ.டி. வேலையில் ஒரு கம்பெனி பிடிக்கவில்லை என்றால் அடுத்த கம்பெனியில் சம்பளம் கூட்டிக் கேட்டுப் போய்விடலாம். பைலட்டுக்கு அந்த வழி இல்லை. சேர்ந்த தேதியை வைத்து ஒரு வரிசை எண் கொடுப்பார்கள். எந்த ஊரைத் தளமாக வைத்துப் பறப்பது, பெரிய விமானமா சின்ன விமானமா, கேப்டன் எப்போது, கிறிஸ்துமஸுக்கு வீட்டில் இருக்கலாமா, எல்லாவற்றையும் அந்த எண்தான் தீர்மானிக்கும். 20 வருடம் பறந்த கேப்டன் வேறு பெரிய நிறுவனத்துக்கு மாறினால் அங்கே வரிசையின் கடைசியில், முதல் வருட துணை விமானி சம்பளத்தில் நிற்க வேண்டும். அடிமட்டத்தில் இருப்பவர்களை 'ரிசர்வ்' என்று வைத்திருப்பார்கள். அவர்கள் போனைக் கையில் வைத்துக்கொண்டு, கூப்பிட்டால் சில மணி நேரத்தில் வந்து சேரும் தூரத்தில் காத்திருக்க வேண்டும்.

அப்புறம் அந்த மணிக்கணக்குச் சம்பளம். பெரும்பாலும் கதவு சாத்தி விமானம் நகரத் தொடங்கிய பிறகுதான் கணக்கு ஓடும். வருடத்துக்கு 1000 மணி நேரத்துக்கு மேல் பறக்கச் சட்டம் விடாது. நாலு நாள் வீட்டை விட்டுப் போய் இருபது சொச்சம் மணி நேரத்துக்குச் சம்பளம் வாங்கி வருவது சாதாரணம். குறைந்த சம்பளம் என்று சொல்ல வரவில்லை. மணிக்கணக்கை மட்டும் பார்த்து மாதக் கணக்குப் போட்டால் தப்பாகிவிடும், அவ்வளவுதான்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். அமெரிக்க விமானத் துறைத் தகராறுகள் 1926-இல் ரயில்வேக்காகப் போட்ட தொழிலாளர் சட்டத்தின் கீழ் வருகின்றன. 1936-இல் விமான நிறுவனங்களையும் அதில் சேர்த்தார்கள். இந்தச் சட்டப்படி ஒப்பந்தம் காலாவதி ஆவதே இல்லை. 'திருத்தம் கேட்கலாம்' என்று ஒரு தேதி வரும், அவ்வளவுதான். புது ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை பழைய சம்பளமும் பழைய விதிகளும் அப்படியே தொடரும். பேச்சு முறிந்தால் தேசிய மத்தியஸ்த வாரியம் உள்ளே வரும். அந்த வாரியத்துக்குக் கெடு கிடையாது. வாரியம் 'இனி உங்கள் பாடு' என்று விடுவித்த பிறகும் 30 நாள் பொறுக்க வேண்டும். அதற்கும் பிறகு அதிபர் குறுக்கிடலாம். 1997 பிப்ரவரியில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் பைலட்கள் நள்ளிரவில் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். சில நிமிடங்களிலேயே அதிபர் கிளின்டன் அவசரக் குழு அமைத்து அதை நிறுத்திவிட்டார்.

விலைவாசி ஏறும் காலத்தில் இந்தத் தாமதம் யாருக்கு லாபம்? ஒவ்வொரு மாதமும் பழைய சம்பளத்திலேயே வேலை வாங்கும் நிர்வாகத்துக்குத்தான். ஆனால் நிறுவனத்துக்குக் கஷ்டம் வந்தால் அதே ஒப்பந்தம் சில மாதங்களிலேயே உடைந்துவிடும். பைலட்கள் மனதில் இன்றைக்கும் ஆறாத புண் இதுதான்.

2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு யுஎஸ் ஏர்வேஸ், யுனைடெட், டெல்டா, நார்த்வெஸ்ட் என்று வரிசையாக மஞ்சள் நோட்டீஸ் கொடுத்தார்கள். திவால் சட்டத்தில் தொழிற்சங்க ஒப்பந்தத்தையே ரத்து செய்யும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம். அந்தக் கத்தி தலைக்கு மேல் தொங்கும்போது என்ன பேச்சுவார்த்தை நடக்கும்? டெல்டா பைலட்கள் 2004 கடைசியில் 32.5 சதவீதச் சம்பள வெட்டுக்குச் சம்மதித்தார்கள். அப்படியும் 2005 செப்டம்பரில் டெல்டா திவால் மனு போட்டது. திரும்பவும் வெட்டு வந்தது, பென்ஷன் திட்டமும் போனது. யுனைடெட்டின் பென்ஷன் திட்டங்கள் 2005-இல் அரசுக் காப்பீட்டு நிறுவனத்தின் தலையில் இறங்கின. 55 வயதுக்காரர் ஒருவர் தன் கடைசிக் காலத்துக்கு என்று நம்பியிருந்த பணம் அது. 2007 கடைசியில் ஓய்வு வயதை 60-இலிருந்து 65 ஆக்கினார்கள். பென்ஷனை இழந்தவர்களுக்கு அது பிடிமானமாக இருந்தது, ஆனால் கீழே காத்திருந்த இளையவர்கள் இன்னும் ஐந்து வருடம் அதே இடத்தில் நின்றார்கள்.

ஹட்சன் ஆற்றில் விமானத்தை இறக்கி 155 பேரையும் காப்பாற்றிய கேப்டன் சல்லன்பர்கரை எல்லோருக்கும் தெரியும். 2009 ஜனவரியில் நடந்த சம்பவம். அடுத்த மாதம் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னால் அவர் வீரக் கதை பேசவில்லை. தன் சம்பளம் 40 சதவீதம் வெட்டப்பட்டதையும் பென்ஷன் போனதையும் சொன்னார். தன் பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வர வேண்டும் என்று விரும்பும் ஒரு பைலட்டைக்கூடத் தனக்குத் தெரியாது என்றார். உங்கள் கேள்விக்கு அதைவிடத் தெளிவான பதில் கிடையாது என்று நினைக்கிறேன்.

எல்லாப் பழியையும் நிர்வாகத்தின் மேல் போடவும் முடியாது. 2005-இல் அமெரிக்கா வெஸ்ட்டும் யுஎஸ் ஏர்வேஸும் இணைந்தபோது இரண்டு வரிசைகளை எப்படி ஒன்றாக்குவது என்பதில் பைலட்களே இரண்டு அணியானார்கள். 2007-இல் நடுவர் தீர்ப்பு வந்தது. ஏற்க மறுத்த 'கிழக்கு' அணி, அதாவது பழைய யுஎஸ் ஏர்வேஸ் பைலட்கள், ஆள் பலத்தால் பழைய யூனியனையே வாக்களித்து வெளியேற்றிப் புது யூனியன் அமைத்தது. ஒரே நிறுவனத்தின் சீருடையைப் போட்டவர்கள் வருடக்கணக்கில் இரண்டு ஒப்பந்தங்களின் கீழ் பறந்தார்கள், வழக்கு மேல் வழக்கு. இரு தரப்புக்கும் கிடைத்திருக்க வேண்டிய சம்பள உயர்வு அந்தச் சண்டையில் கரைந்தது. எனக்கு இதை நினைத்தால் இன்றும் ஆதங்கம்தான்.

என் வேலையில் நேரடியாகத் தெரிவதைச் சொல்கிறேன். புயலோ பனியோ வந்த நாளில் எங்கள் மென்பொருள் எவ்வளவு நன்றாகக் கணக்குப் போட்டாலும், கடைசியில் விடுமுறையில் இருக்கும் யாரோ ஒரு பைலட் 'சரி, வருகிறேன்' என்று சொல்ல வேண்டும். விமான நிறுவனம் அந்தச் 'சரி'யை நம்பித்தான் ஓடுகிறது. கூடிப் பேசி மறுப்பது சட்டவிரோதம். 1999-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் பைலட்கள் கூட்டமாக உடம்பு சரியில்லை என்று விடுப்பு எடுத்ததற்காக அவர்கள் யூனியன்மேல் 4.5 கோடி டாலருக்கு மேல் அபராதம் விழுந்தது. ஆனால் ஒருவர் தன் விடுமுறை நாளில் வேண்டாம் என்பது அவர் உரிமை. 2000 கோடையில் யுனைடெட் பைலட்கள் கூடுதல் நேரம் பறக்க மறுத்தபோது ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. அந்த ஆகஸ்டிலேயே ஒப்பந்தம் முடிந்தது. இழுத்தடித்து மிச்சம் பிடித்த பணத்தை எந்தக் கணக்குப்பிள்ளையும் இந்த இழப்போடு சேர்த்துப் பார்ப்பதில்லை.

கொரோனாவுக்குப் பிறகு காற்று திசை மாறியது. 2020-இல் முன்கூட்டியே ஓய்வு கொடுத்து அனுப்பிய நிறுவனங்களுக்கு 2022-இல் ஆள் போதவில்லை. அந்த நவம்பரில் யுனைடெட் பைலட்கள் தங்கள் முன் வைக்கப்பட்ட வரைவு ஒப்பந்தத்தை 94 சதவீத வாக்குகளால் தூக்கி எறிந்தார்கள். 2023 மார்ச்சில் டெல்டாவில் 34 சதவீத உயர்வு, செப்டம்பரில் யுனைடெட்டில் அதைவிடச் சற்று கூடுதல், 2024 ஜனவரியில் சவுத்வெஸ்ட். வெளியில் செய்தியானது சதவீதம். என்னோடு பேசும் பைலட்களோ அட்டவணை விதிகளைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள்: வேலை நாளைக் கட்டாயமாக நீட்டுவதற்குக் கட்டுப்பாடு, ரிசர்வ் நாட்களின் எண்ணிக்கை, விடுமுறையை மாற்றிக்கொள்ளும் வசதி. 2022 டிசம்பரில் சவுத்வெஸ்ட் 16,000-க்கும் மேற்பட்ட விமானங்களை ரத்து செய்தபோது, தாங்கள் எந்த ஊரில் இருக்கிறோம் என்று அலுவலகத்துக்குச் சொல்லவே பைலட்கள் மணிக்கணக்காகப் போனில் காத்திருந்தார்கள். அந்த அமைப்பு பழசாகிவிட்டது என்று அவர்களுடைய யூனியன் அதற்கு முன்பே எச்சரித்திருந்தது.

உங்கள் தம்பி மகன் விஷயம். துணை விமானி ஆகவே பொதுவாக 1500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் கிரீன் கார்டாவது எதிர்பார்க்கின்றன. அந்த இரண்டும் கைகூடினால், நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது முதல் வருடச் சம்பளத்தை மட்டும் பார்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் திருத்தம் கேட்கும் தேதி எப்போது வருகிறது, வரிசையில் மேலே இருப்பவர்களில் எத்தனை பேர் அடுத்த பத்து வருடத்தில் 65-ஐத் தொடுகிறார்கள், புதியவர்கள் எவ்வளவு காலம் ரிசர்வில் இருக்கிறார்கள் என்று விசாரிக்கட்டும். தளம் இருக்கும் ஊரிலேயே குடியிருக்க முடிந்தால் பாதிச் சுமை குறையும். அவர் எந்த ஊரில் இருக்க நினைக்கிறார் என்று கருத்துப் பகுதியில் எழுதுங்கள், அங்கே எந்தெந்த நிறுவனங்களுக்குத் தளம் இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.