ஆர்மேன் மறந்துபோன கோப்புகள்

கேள்வி: எங்கள் ஆரக்கிள் தரவுத்தளம் 1.5 டெராபைட். பேக்கப் எடுப்பது ஆரக்கிளின் சொந்தக் கருவியான ஆர்மேன் (RMAN). ஞாயிறுதோறும் முழுப் பேக்கப் (லெவல் 0), மற்ற நாள்களில் மாற்றங்கள் மட்டும் (லெவல் 1). சுருக்கிய முழுப் பேக்கப் 400 ஜிபி. ரெக்கவரி விண்டோ, அதாவது எத்தனை நாள் பின்னால் வரை மீட்க முடிய வேண்டும் என்ற வரம்பு, 14 நாள். தரவுத்தளம் அதிகம் வளரவில்லை. ஆனால் பேக்கப் எழுதும் என்எஃப்எஸ் (வலையமைப்பு வழியே இணைத்த) வட்டு 5 மாதத்தில் 3 டெராபைட்டிலிருந்து 13 டெராபைட்டுக்கு ஏறிவிட்டது. தேவை முடிந்த பேக்கப்புகளை அழிக்கும் டெலிட் ஆப்சலீட் கட்டளை தினமும் பிழையின்றி ஓடுகிறது. 14 நாளுக்கு மேற்பட்ட கோப்புகளை நேரடியாக அழித்துவிடலாமா?

பதில்: வேண்டாம், தயவுசெய்து கை வைக்காதீர்கள். 14 நாள் முந்தைய நிலைக்குத் திரும்ப, அதற்கும் முன்னால் எடுத்த லெவல் 0 வேண்டும். வாரம் ஒருமுறை எடுப்பதால் அதன் வயது 20 நாள்கூட இருக்கும். தேதி பார்த்து அழித்தால் முதலில் போவது அந்த அடித்தளம்தான். அதன்மேல் அடுக்கிய லெவல் 1 கோப்புகளும் அதோடு பயனற்றுப் போகும்.

உங்கள் எண்களே பாதி விடையைச் சொல்லிவிடுகின்றன. 5 மாதத்தில் சுமார் 21 ஞாயிறு. 21 முழுப் பேக்கப் என்றால் 8.4 டெராபைட். கூடியிருப்பதோ 10. அதாவது பழைய முழுப் பேக்கப்புகள் அழியவே இல்லை என்று சந்தேகிக்க வேண்டும்.

அதை உறுதிசெய்ய, ஆர்மேனின் பேக்கப் கோப்புகளைப் பட்டியலிடும் வி$பேக்கப்_பீஸ் பார்வையில் (வியூ) 'ஏ' (இருக்கிறது) நிலையில் உள்ளவற்றின் பைட்டுகளைக் கூட்டுங்கள். பிறகு வட்டில் அந்த அடைவின் மொத்த அளவை எடுங்கள். முதல் தொகை 3 டெராபைட், இரண்டாவது 13 என்று வந்தால், நடுவில் இருக்கும் 10 டெராபைட்டை ஆர்மேனுக்கே தெரியாது. தெரியாத கோப்பை டெலிட் ஆப்சலீட் அழிக்காது, பிழையும் காட்டாது.

ஏன் மறந்தது? ரெக்கவரி கேட்டலாக் (பேக்கப் பதிவுகளுக்கான தனித் தரவுத்தளம்) இல்லையென்றால் ஆர்மேனின் பதிவேடு, தரவுத்தளத்தின் அமைப்பைக் குறித்துவைக்கும் கன்ட்ரோல் கோப்புதான். கன்ட்ரோல்_ஃபைல்_ரெக்கார்ட்_கீப்_டைம் என்ற அளவுருவின் இயல்பு மதிப்பு 7 நாள். அதற்குமேல் பழைய பதிவுகளின் இடத்தில் புதியவை எழுதப்படலாம். விண்டோ 14, நினைவு 7! இங்கே வட்டு நிரம்பியதைவிட வேறொன்று என்னைக் கவலைப்பட வைக்கிறது: மீட்புக்குத் தேவையான லெவல் 0-வின் பதிவும் போயிருக்கலாம். கோப்பு வட்டில் இருக்க, மீட்கும் நாளில் ஆர்மேன் "பேக்கப் இல்லை" என்று சொல்லும்.

ஆர்மேன் மறக்க இன்னொரு வழியும் உண்டு. என்எஃப்எஸ் இணைப்பு அறுந்திருந்த இரவில், பதிவில் உள்ள கோப்புகள் வட்டில் இருக்கின்றனவா என்று சரிபார்க்கும் கிராஸ்செக் ஓடினால், கோப்புகள் காணவில்லை என்று எல்லாவற்றையும் எக்ஸ்பயர்ட் எனக் குறிக்கும். ஸ்கிரிப்டின் அடுத்த வரியில் டெலிட் எக்ஸ்பயர்ட் இருந்தால் பதிவுகள் அழிந்துபோகும். காலையில் வட்டு திரும்ப வரும்போது கோப்புகள் அநாதைகள். இணைப்பு இருக்கிறதா என்று பார்த்த பிறகே கிராஸ்செக் ஓடும்படி ஸ்கிரிப்டை மாற்றுங்கள்.

சரிசெய்வதற்கு, முதலில் அந்த அளவுருவை 30-க்கு மேல் உயர்த்துங்கள். தரவுத்தளத்தை நிறுத்த வேண்டியதில்லை. அடுத்து கேட்டலாக் ஸ்டார்ட் வித் கட்டளையில் அடைவின் பாதையைக் கொடுங்கள். ஆர்மேன் தனக்குத் தெரியாத கோப்புகளைப் பட்டியலிட்டு, சேர்க்கலாமா என்று கேட்கும். அதே அடைவில் வேறு தரவுத்தளம் எழுதிய கோப்புகளை, டிபிஐடி (தரவுத்தளத்தின் அடையாள எண்) பொருந்தாததால் ஏற்க மறுக்கும். அவற்றின் உரிமையாளரைத் தேடிக் கேளுங்கள். சேர்த்தபின், எவை அழியும் என்று காட்டும் ரிப்போர்ட் ஆப்சலீட் பட்டியலை வரிவரியாகப் படித்துவிட்டு, பிறகுதான் டெலிட் ஆப்சலீட்.

முதலில் சொன்ன இரண்டு தொகைகளும் (ஆர்மேன் கணக்கும் வட்டின் அளவும்) ஒத்துப்போனால் விஷயம் வேறு. வி$ஆர்மேன்_பேக்கப்_ஜாப்_டீடெயில்ஸ் பார்வையில் உள்ளீட்டையும் வெளியீட்டையும் நாள்வாரியாக ஒப்பிடுங்கள். உள்ளீடு மாறாமல் வெளியீடு மட்டும் பெருத்திருந்தால், யாராவது டேபிள்ஸ்பேஸ்களை (தரவைச் சேமிக்கும் பகுதிகளை) ஆரக்கிளின் டிடிஇ வசதி மூலம் குறியாக்கம் செய்திருக்கலாம். குறியாக்கிய தரவு சரியாகச் சுருங்காமல் போகலாம். ஆர்க்கைவ் லாக் (மாற்றப் பதிவுகளான ரீடோவின் சேமித்த நகல்) பெருத்திருந்தால், இரவில் ஓடும் மெட்டீரியலைஸ்டு வியூ (வினவலின் விடையைச் சேமித்துவைக்கும் அட்டவணை) முழுப் புதுப்பிப்பைப் பாருங்கள். எல்லா வரிகளையும் அழித்து மறுபடி எழுதும் அந்த வேலை ரீடோவைக் கொட்டும்.

எல்லாம் முடிந்ததும், 13 நாள் முந்தைய நேரத்தைக் கொடுத்து ரீஸ்டோர் டேட்டாபேஸ் பிரிவ்யூ ஒருமுறை ஓட்டுங்கள். எதையும் மாற்றாமல், எந்தெந்தக் கோப்புகள் தேவை என்று மட்டும் காட்டும். அந்தப் பட்டியலில் சரியான ஞாயிற்றுக்கிழமையின் லெவல் 0 இருக்க வேண்டும்.